தலை சுற்றாத பிள்ளை

நம் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் பேசுவது தலைச்சுற்றைப் பற்றித்தான். கட்டிலை விட்டு எழுந்தால் சுற்றுகிறது, பஸ் வளைவில் திரும்பினால் சுற்றுகிறது, அலுமாரியின் மேல்தட்டில் எதையாவது எடுக்க அண்ணாந்தால் சுற்றுகிறது என்கிறீர்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. பத்து வயதிலிருந்து எனக்குத் தலை சுற்றியதே இல்லை. அது எப்படி இருக்கும் என்பதுகூட மறந்துவிட்டது. இதை நல்ல உடம்பின் அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம்.

வத்தேகமவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை, அதுவும் விட்டு விட்டு. பிறகு வீட்டு வேலைக்காகக் கண்டியில் ஒரு கடைக்காரர் வீடு, கொழும்பு, பெய்ரூட், மறுபடி கண்டி, கலகெதரவில் ஒரு பேக்கரி. எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. அவற்றைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எல்லாரும், குடியுரிமை இந்தியாவா, இலங்கையா என்று பாரம் நிரப்பிக்கொண்டிருந்த அந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முந்திய வருடம் எனக்கு நெஞ்சில் சயரோகம் வந்திருந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தினமும் ஊசி. ஒரு நாள் இந்தப் பக்கம், மறு நாள் அந்தப் பக்கம். உட்காரும் இடமெல்லாம் கல்லாகிப் போயிருந்தது. பக்கத்துக் கட்டில் அக்கா ஒரு காலையில் இல்லை. கட்டிலைத் துடைத்து வேறொருத்தியைப் படுக்க வைத்தார்கள். நான் பிழைத்தேன். பிழைக்க வைத்தது அந்த ஊசிதான். அதை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சில விஷயங்கள் மாறியிருந்தன. நடக்கும்போது தூரத்துச் சவுக்கு மரங்கள் குதித்தன. நான் நின்றால் அவையும் நின்றன. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

தட்டாமாலை சுற்றும்போது மட்டும் நான் ராணி. கைகோத்துச் சுற்றி விட்டால் மற்றப் பிள்ளைகள் கள்ளுக் குடித்தவர்கள் மாதிரி நாலு பக்கமும் போய் விழுவார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று சிரிப்பேன். நாலைந்து நாளில் என்னைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். விழாதவளோடு சுற்றுவதில் என்ன இருக்கிறது?

ஆனால் பீலியில் விழுந்தேன். பீலி என்பது மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தகரக் குழாய் வைத்து விழச் செய்திருக்கும் இடம். லயத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் குளிப்போம். முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினேன். அடுத்தது எனக்குத் தெரிந்தது, கன்னத்தில் கல். விழுவதுகூடத் தெரியவில்லை. அம்மாவின் பித்தளைச் செம்பு என்னோடு விழுந்து, நெளிந்து, தண்ணீர் ஓடும் கானுக்குள் உருண்டு போனது. அதன் வாய் பிறகு வட்டமாக வரவே இல்லை.

மறு நாளும் விழுந்தேன். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நான் போடும் வேஷம் என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் இருமினால் மட்டும் ஓடி வந்து, இரத்தம் இருக்கிறதா என்று துப்பியதைக் கிளறிப் பார்த்தார். மறுபடி நெஞ்சுதான் என்று அவருக்குள் முடிவாகியிருந்தது. சொன்னால் உண்மையாகிவிடும் என்று சொல்லாமல் இருந்தார்.

வழி கண்டுபிடித்தவள் லயத்தில் எங்கள் அறையை ஒட்டிய அடுத்த காம்பராப் பெண். என் வயது. நான் முகம் கழுவும்போது பக்கத்தில் நின்று என் தோளில் ஒரு விரலை வைத்தாள். பிடிக்கவில்லை, சும்மா வைத்தாள். நான் விழவில்லை. விரலை எடுத்தாள், சாய்ந்தேன். திரும்ப வைத்தாள், நேரானேன். அன்றிலிருந்து நான் குளிக்கப் போனால் அவளும் வருவாள். ஒரு கையால் தன் முதுகைத் தேய்த்துக்கொண்டு மறு கையின் ஒரு விரலை எனக்குத் தருவாள்.

கோயிலில் அவள் பக்கத்தில் இல்லை. வெள்ளிக்கிழமைப் பூசை. அந்த வருடந்தான் அம்மன் கோயிலின் மண்தரைக்குச் சிமெந்து போட்டிருந்தார்கள். போட்டவர் அடுத்த காம்பராக்காரர், அதாவது என் கூட்டாளியின் அப்பா. தோட்டத்தில் மேசன் வேலை செய்தவர். சூடம் காட்டியதும் எல்லாரையும் போல இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடினேன். வலப்பக்கம் நின்ற பெண்களின் மேல் போய் விழுந்தேன்.

தப்பு மேளம் நின்றது. பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அப்பி, அம்மன் வந்துவிட்டாள் என்றார். கால் சறுக்கியது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என்னை முன்னால் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார்கள். மறுபடி விழுந்தேன், மறுபடி வலப்பக்கம்.

அம்மனிடம் பூ கேட்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சரி, இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். இப்போது பூவுக்குப் பதிலாக நான். ஒருவர் காணாமல்போன ஆட்டைக் கேட்டார். வலப்பக்கம் விழுந்தேன். ஆடு மூன்றாம் நாள் தானாகவே வந்தது. ஒருத்தி மகளுக்கு வந்த சம்பந்தத்தைக் கேட்டாள். வலம். ஒருவர் கங்காணி வேலை கிடைக்குமா என்று கேட்டார். வலம். எங்கள் அம்மன் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

ஏன் மறுத்துப் பேசவில்லை என்று கேட்பீர்கள். பொங்கலின் முதல் கரண்டி எனக்கு வந்தது. சிவப்புப் பாவாடை வந்தது. அதைவிட, அம்மா என் எச்சிலைக் கிளறுவதை விட்டுவிட்டார். விழுவது நெஞ்சால் இல்லை, சாமியால் என்றதும் அவர் முகம் தெளிந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதை மறுப்பது?

பிறகு அடுத்த காம்பராக்காரர் வந்தார், பெண்சாதியோடு.

அவருக்கு இந்தியா போக ஆசை. அவர் பெண்சாதிக்கு இல்லை. இங்கே பிறந்து, இங்கே பிள்ளை பெற்று, பாதை தெரியாத ஊருக்கு எதற்கு என்பது அவர் கட்சி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சண்டை போடுவது எங்களுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். கடைசியில் அந்தப் பெண்சாதியே அம்மனைக் கேட்போம் என்றாராம்.

எப்படிக் கேட்பது என்பதில் கோயிலிலும் கொஞ்சம் இழுபறி நடந்தது. இங்கேயே இருக்கலாமா என்று கேட்கட்டுமா என்றார் பூசாரி.

“போலாமான்னு கேளுங்க சாமி,” என்றார் மேசன். “போறவனுக்குத்தான உத்தரவு வேணும். இருக்குறவனுக்கு என்னாத்துக்கு?”

அது நியாயமாகப் பட்டது. பூசாரி மேசனின் பெண்சாதியைப் பார்த்தார். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேளுங்க என்றார்.

நான் கண்ணை மூடினேன். இந்த முறை விழக்கூடாது என்று காலை இறுக்கி ஊன்றி நின்றேன். கால் ஊன்றியிருந்தது, மற்றதெல்லாம் எங்கேயோ போனது. கண் திறந்தபோது வலப்பக்கம் கிடந்தேன். அந்தப் பெண்சாதி திருநீற்றை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். என் கூட்டாளி தாயின் பின்னால் போனாள். மறு நாள் பீலிக்கு அவள் வரவில்லை. நான் கண்ணைத் திறந்துகொண்டே சவர்க்காரத்தைக் கழுவினேன். அந்த எரிச்சல் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அந்த வாரமே அப்பா, நாமளும் கேட்டுருவோம் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார். அம்மாவின் அக்கா தங்கைகள் எல்லாரும் பல்லேகலப் பக்கம். அவர்களை விட்டுக் கடல் தாண்டுவதை அம்மாவால் நினைக்க முடியவில்லை. ஆனாலும் அம்மன் சொன்னால் போகத்தான் வேண்டும் என்றார். எந்தப் பக்கம் விழுவேன் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

என்னைக் காப்பாற்றியது மருந்துக்காரய்யாவின் கோபம். தோட்ட மருந்துச்சாலைக்குப் பொறுப்பானவர், யாழ்ப்பாணத்து ஆள். காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றைத் தன்னிடம் கொண்டுவராமல் என்னிடம் திருநீறு வாங்கத் தூக்கி வந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஒப்பீசில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவையும் என்னையும் வரச் சொன்னார். என் உயரத்தில் இன்னொரு பிள்ளையும் வேண்டும் என்றார். அப்பா அடுத்த காம்பராப் பெண்ணைக் கூட்டிக்கொண்டார். அவள் வழியெல்லாம் என்னோடு பேசாமல் நடந்தாள்.

ஒப்பீசில் பெரிய கிளாக்கரின் சுழல் கதிரை இருந்தது. பச்சைத் தோல், ஒரு கைப்பிடியில் தையல் விட்டு நார் தெரிந்தது. முதலில் அவளை உட்காரவைத்து, புண் கட்டும் துணியால் கண்ணைக் கட்டி, ஒரே சீராகச் சுற்றினார். சோத்துக்கைப் பக்கம் சுத்துது என்றாள். கொஞ்ச நேரத்தில், மெதுவாகிறது, நிற்கப்போகிறது என்றாள். அவர் அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று பிடித்து நிறுத்தினார். அவள் கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டு, இப்போது பீச்சாங்கைப் பக்கம் சுற்றுகிறது, நிறுத்துங்கள் என்று அழுதாள். கதிரை அசையவில்லை. துணியை அவிழ்த்தபோது அவளுடைய கருவிழிகள் ஒரு பக்கமாகத் துடித்துத் துடித்துத் திரும்பின. வாசற்படியில் போய்க் காலை ரொட்டியைக் கக்கினாள்.

ஐயாவுக்கு அதில் திருப்தி. அப்படித்தான் இருக்கவேணும் என்றார்.

என் முறை. கண்ணைக் கட்டிச் சுற்றினார். சோத்துக்கைப் பக்கம் என்றேன். பொய்க்காரியைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் குரலில் கேட்டது.

“அப்ப உனக்கு எல்லாம் ஒழுங்காத் தெரியுது. என்னெண்டு தெரியும், சொல்லு பாப்பம்?”

“ஸ்டோர்ச் சத்தம் சுத்தி வருதுங்கய்யா. வெயிலும் கன்னத்துல வந்து வந்து போவுதுங்க.”

கதிரை நின்றது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அன்றைக்கும் அங்கே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. ஐயா ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. என் காதில் பஞ்சை அடைத்து, மேலே துணியைச் சுற்றி, காலைத் தூக்கிக் கதிரையில் மடித்து வைக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்தேன். நெடு நேரம் காத்திருந்தேன். எல்லாரும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்று தோன்றியது.

“ஐயா, எப்பங்க சுத்துவீங்க?” என்று கேட்டேன்.

கண்கட்டை நானே இழுத்துவிட்டேன். சுவர் போனது, அலுமாரி போனது, அப்பாவின் முகம் போனது, என் கூட்டாளியின் திறந்த வாய் போனது, மறுபடி சுவர், அலுமாரி, அப்பா.

ஐயா கதிரையை நிறுத்தி, குனிந்து என் கண்ணைப் பார்த்தார். அது துடிக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாதம், என்ன ஊசி என்று அப்பாவிடம் கேட்டார். மருந்துச்சாலைக்குப் போய், ஊசி மருந்துப் பெட்டிக்குள் வரும் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். இரண்டு மாதமாக எனக்குச் சத்து மருந்து தந்தவர் அவர்தான். அந்தத் தாளும் இரண்டு மாதமாக அங்கேதான் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி இருந்தது. மேலே ஓர் இலைத் தூள் மிதந்தது. கோப்பையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். கோப்பை திரும்பியது, தூள் நின்ற இடத்திலேயே நின்றது.

“காதுக்குள்ள இது மாதிரி வளையம் இருக்கு, தண்ணியோட. தலை திரும்பேக்க தண்ணி பிந்தி நிக்கும். அது போய் முட்டிற இடத்தில இருக்கிற நரம்புதான், நீ திரும்பிறாய் எண்டு சொல்லுறது. கண் தேவையில்லை. அந்த ஊசி இவளின்ர நெஞ்சைக் காப்பாத்திப்போட்டு, அந்த நரம்பை எடுத்துக்கொண்டு போட்டுது. இனிமேல் கண்ணும் காலும்தான் இவளுக்குத் துணை.”

அப்பாவுக்கு வளையமும் தண்ணீரும் புரிந்திருக்காது. அவர் ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப நெஞ்சு, ஐயா?”

“நெஞ்சு நல்லா இருக்கு. பிள்ளை பொய்யும் சொல்லேல்ல.”

அப்பா ஒப்பீஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். இறங்கி வரும் வழியில் வழுக்குப் பாறை வந்தபோது, கேட்காமலே கையை நீட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் அம்மா அழுது முடித்து, முட்டை அவித்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் கேள்வி கேட்கப்படவில்லை. அம்மன் எந்த வழியிலும் வருவாள், காது வழியாகவும் வருவாள் என்று பூசாரி சொல்லிப் பார்த்தார். ஆனால் யாரும் பிறகு என்னை முன்னால் நிறுத்தவில்லை. சிவப்புப் பாவாடையை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. அப்பா எங்கள் பாரத்தில் இலங்கை என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு இன்னொன்று இருந்தது. சாமி இல்லை என்றால், அடுத்த காம்பராக்காரர்களுக்குப் பதில் சொன்னது யார்? காது கெட்டுப்போனவள் எந்தப் பக்கமும் விழலாமே, ஏன் எப்போதும் வலப்பக்கம்? ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் கோயிலுக்குப் போய், பூசைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்தேன். அது கொஞ்சம் யோசித்து, பிறகு வலப்பக்கமாக உருண்டு, அபிஷேகத் தண்ணீர் போகும் வாய்க்காலில் விழுந்தது. ஐந்து தடவை வைத்தேன். ஐந்து தடவையும் அங்கேயே போனது.

பழத்தை எடுத்துக்கொண்டு மேசனிடம் ஓடினேன். அவர் லயத்து வாசலில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மன் சொல்லவில்லை, தரைதான் சாய்ந்திருக்கிறது, நீங்கள் போக வேண்டாம் என்றேன். மூச்சு வாங்கியது. அவர் பழத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“தண்ணி ஓடணும்ல புள்ள. சாய்வு இல்லாம எப்புடி?”

அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வத்தேகம ஸ்டேசனில் ரயில் ஏறினார்கள். இரண்டு தகரப் பெட்டி, ஓர் அம்மி, கூடையில் ஒரு கோழி. அம்மியைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அதை மேடையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். என் கூட்டாளி கை காட்டினாள். நான் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பன்னிரண்டு வருடம் அதைச் சுமந்தேன். நான் விழுந்ததால் ஒரு குடும்பம் கடல் தாண்டிவிட்டது. இதை நினைக்காமல் இருக்கத்தான் தோட்டத்தை விட்டு இறங்கினேனோ என்று சில சமயம் தோன்றும். அப்படியும் இல்லை, உட்கார்ந்த இடத்தில் இருக்க எனக்கு எப்போதும் முடிந்ததில்லை.

நான் வேலை செய்த கண்டிக் கடை வீட்டுக்காரர்கள் நாகூருக்கு நேர்த்திக்கடனுக்காகப் போனபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். அப்போது தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடியது. அன்றைக்குக் கடல் சரியில்லை. கப்பலில் எல்லாரும் சுருண்டு விட்டார்கள். நான் ஆளாளுக்குப் பேசின் பிடித்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து பணிஸ் ரொட்டி தின்றேன். ஒனக்கு ஒண்டும் செய்யல்லியா என்று வீட்டுக்கார அம்மா படுத்தபடியே கேட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

என் கூட்டாளியின் கடிதம் ஒன்று என்னிடம் இருந்தது. நாலே வரி, ஆனால் விலாசத்தோடு. நாலு நாள் லீவு கேட்டு வாங்கி, கோத்தகிரிக்கு மேலே அந்த வீட்டைத் தேடிப் பிடித்தேன். முதல் இரண்டு வருடம் தகரக் கொட்டகையில் இருந்தார்களாம். ஒரு மழையில் அதுவும் போனதாம். இப்போது சொந்தமாக இரண்டு அறை, மேசன் தன் கையாலேயே கட்டியது. அவருக்குத் தலை நரைத்திருந்தது. கூட்டாளியின் இடுப்பில் குழந்தை.

சாப்பிட்ட பிறகு நான் சொன்னேன். பன்னிரண்டு வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எலுமிச்சம்பழம் வரை சொன்னேன்.

மேசன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

“நான் போட்ட தரை புள்ள அது. எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியாதா? மூணு வாரமா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். போலாமான்னு கேளுங்கன்னு சொன்னது யாரு?”

அடுப்படியிலிருந்து பெண்சாதியின் குரல் வந்தது.

“சிமெந்து கொழைச்சுக் குடுத்தது யாருன்னும் கேளு.”

மேசன் மெல்லுவதை நிறுத்தினார். பெண்சாதிக்கும் அந்தச் சாய்வு தெரிந்திருந்தது அவருக்கே புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

பெண்சாதி ஈரக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். “இவரு சொல்லி வந்திருந்தா, காலம் பூரா இவரத் திட்டணும். அவரும் திருப்பித் திட்டுவாரு. அம்மன் சொன்னான்னு வந்துட்டா வம்பில்ல பாரு. கொட்டக ஒழுகுனப்பகூட நாங்க சண்ட போடல.” பிறகு என் கன்னத்தைத் தொட்டார். “நீயா எங்கள இங்க கொண்டாந்த? ஒன்னயே நிறுத்திக்க ஒனக்குத் தெரியாது.”

என் கூட்டாளி முதலில் சிரித்தாள். மேசன் இன்னும் பெண்சாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் முகம் கழுவ வேண்டியிருந்தது. வெளியே குழாயடிக்குப் போனேன். கூட்டாளி குழந்தையோடு பின்னால் வந்தாள்.

இப்பவும் விழுவியா என்று கேட்டாள். விழுவேன் என்றேன். எந்தப் பக்கம் என்றாள். உங்க அப்பா சாய்ச்சு வைக்கிற பக்கம் என்றேன்.

முகம் முழுக்கச் சவர்க்காரம் போட்டேன். தோளில் ஒரு விரல் வந்து நின்றது. அவசரமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.